குமார கம்பணன்

குமார கம்பணன் (இறப்பு: 1374) விஜயநகரப் பேரரசர் முதலாம் புக்கரின் மகன். தந்தை ஆட்சியில் இருக்கும்போதே படைத்தலைவராகத் தெற்கே அனுப்பப்பட்டார். தொண்டை மண்டலத்தை வென்று, மதுரை சுல்தானகத்தை முறியடித்து, தமிழகத்தின் பெரும்பகுதியைப் பத்தாண்டுகளுக்கு மேல் நிர்வகித்தவர். ஆனால் பேரரசர் ஆகவில்லை. கல்வெட்டுகள் இவரைக் 'கம்பண உடையார்' என்றும் 'வீர கம்பண உடையார்' என்றும் குறிக்கின்றன. இராமாயணம் பாடிய கம்பரோடு இவரைக் குழப்பிக்கொண்ட மாணவர்களை வகுப்பறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். இருவருக்கும் தொடர்பில்லை.

இவருடைய படையெடுப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான நூல், இவருடைய மனைவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுரா விஜயம். இதன் ஏட்டுச்சுவடி 1916-இல் திருவனந்தபுரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சில பகுதிகள் சிதைந்துள்ளன. கணவனின் வெற்றியை மனைவி பாடிய காவியம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

இன்றைய கர்நாடகத்தில் கோலார் அருகிலுள்ள முல்பாகல் இவருடைய முதல் தளம். அங்கிருந்து பாலாற்றுக் கரையில் இருக்கும் விரிஞ்சிபுரம் வந்து, படைவீட்டை ஆண்ட சம்புவராயரை 1360-களின் தொடக்கத்தில் வென்றார். சம்புவராயர் போரில் கொல்லப்பட்டார் என்கிறது மதுரா விஜயம். கம்பணரின் தளபதி சாளுவ மங்குவோ, சம்புவராயரை மீண்டும் நிலைநிறுத்தியவர் என்று தெலுங்கு ஜைமினி பாரதத்தில் புகழப்படுகிறார். தோற்ற மன்னர் இறந்தபின் அவர் குலத்தாரையே கீழ்ப்படிந்த சிற்றரசராக அமர்த்தியிருக்கலாம் என்று கொண்டால் இரண்டும் பொருந்தும். புதிதாக வந்த அரசுக்கு உள்ளூர்த் தலைவர்களின் ஒத்துழைப்பு தேவைப்பட்டிருக்கும்.

மதுரை வெற்றி பொதுவாக 1371-ஐ ஒட்டிச் சொல்லப்படுகிறது. காவியத்தில் கம்பணரே சுல்தானை நேருக்கு நேர் போரிட்டு வீழ்த்துகிறார். ஆனால் மதுரை சுல்தான்களின் காசுகள் 1377-78 வரை கிடைத்துள்ளன. எனவே ஒரே போரில் சுல்தானகம் மறைந்துவிட்டது எனப் பாடநூல் பாணியில் எழுதுவது சரியாகாது. முதுகெலும்பு முறிந்தது; மூச்சு அடங்கச் சில ஆண்டுகள் ஆயின.

போரைவிட இவருடைய நிர்வாகம் பற்றிக் கல்வெட்டுகள் தெளிவாகப் பேசுகின்றன. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் சக ஆண்டு 1286-ஐ (பொ.ஆ. 1364-65) சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. இந்தக் கோயில் குலோத்துங்க சோழன் காலத்தில் மூடப்பட்டு, நிலங்கள் விற்கப்பட்டு, சுற்றியுள்ள இடம் வேறொரு கோயிலுக்கு மாற்றப்பட்டது என்று அது கூறுகிறது. கம்பணரின் அதிகாரி கோப்பணர், கோயிலைத் திறந்து பழைய உடைமைகளைத் திரும்பக் கொடுக்க ஆணையிட்டார். அக்காலத்தில் மூடிக் கிடந்த கோயில்களுக்கெல்லாம் சுல்தான்களின் படையெடுப்பே காரணம் என்று நினைப்பவர்கள் இந்தக் கல்வெட்டை ஒருமுறை படிக்க வேண்டும். பழைய பதிவுகளைத் தேடி, யாருக்கு எது உரியது என்று தீர்த்து வைத்ததும் புதிய ஆட்சி மக்களிடம் வேரூன்ற ஒரு வழியாக இருந்தது.

படையெடுப்பால் பாதிக்கப்பட்ட கோயில்களும் உண்டு. திருவரங்கத்திலிருந்து வெளியேறிப் பல ஊர்கள் சுற்றிய அழகிய மணவாளர் திருமேனியைச் செஞ்சிப் பகுதியை நிர்வகித்த கோபணாரியர் 1371-இல் திரும்ப எழுந்தருளச் செய்தார். இதைச் சொல்லும் இரண்டு வடமொழிச் செய்யுள்கள் திருவரங்கம் கோயில் சுவரில் உள்ளன. அவற்றை இயற்றியவர் வேதாந்த தேசிகர் என்பது வைணவ மரபு.

கம்பணர் 1374-இல் தந்தைக்கு முன்பே இறந்தார். 1377-இல் புக்கருக்குப்பின் அரியணை ஏறியவர் மற்றொரு மகனான இரண்டாம் ஹரிஹரர். கம்பணரின் மகன் ஜம்மண உடையார் சிறிது காலம் தமிழ்ப் பகுதியில் அதிகாரம் செலுத்தினார். பிறகு அந்தப் பொறுப்பு ஹரிஹரரின் மகன் விருபண்ண உடையாரிடம் போனது. வென்றவரின் கிளை ஒதுங்கிவிட்டது.

பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி வழியாகக் காஞ்சிபுரம் போய்வர ஒரு பகல் போதும். கைலாசநாதர் கோயிலில் பல்லவர் சிற்பங்களைப் பார்ப்பவர்கள் கம்பண உடையாரின் பெயர் பொறித்த கல்லையும் தேடிப் பார்க்கலாம்.