சுயாதீனத் திரைப்படம்: முதல் டாலர் எங்கிருந்து வருகிறது?

கனடாவின் மான்ட்ரியல் நகரில் படமெடுக்கப் பணம் தேடுபவருக்குக் கதவுகள் குறைவில்லை. மத்திய அரசின் திரைப்பட நிதி நிறுவனமான டெலிஃபிலிம் கனடாவின் தலைமையகம் அங்குதான் உள்ளது. கியூபெக் மாகாணத்துக்கெனச் சோடெக் என்ற கலாசார நிதி அமைப்பும் இயங்குகிறது. ஆனால் முதல் படத்துக்கு முனையும் ஒருவருக்கு இக்கதவுகள் எப்போது திறக்கின்றன என்பதே கேள்வி.

இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம், அந்நகரில் 1989இல் பிறந்த இயக்குநர் சேவியர் டோலன். 'என் தாயைக் கொன்றேன்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பைக் கொண்ட அவரது முதல் படத்தை இரு அமைப்புகளுமே தொடக்கத்தில் ஏற்கவில்லை. ஒரு விண்ணப்பம் தாமதமானது, மற்றொன்று முழுமையாக இல்லை என்பவையே காரணங்கள் என அவர் பின்னர் தெரிவித்தார். குழந்தை நட்சத்திரமாக நடித்துச் சேர்த்த பணத்தை அவர் படத்தில் போட்டார். மீண்டும் விண்ணப்பித்த பின், 2008 டிசம்பரில் சோடெக் 4 லட்சம் கனேடிய டாலர் வழங்கியது. மொத்தச் செலவு சுமார் 8 லட்சம் டாலர். 2009 கான் விழாவின் 'இயக்குநர்கள் இருவாரம்' பிரிவில் அப்படம் 3 விருதுகளைப் பெற்றது.

அரசு நிதி கிடைத்தது உண்மை. ஆயினும் அது வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் பணம் வேண்டியிருந்தது. கியூபெக்கின் வரிச்சலுகையும் இப்படித்தான்: செலவு செய்து, கணக்குக் காட்டிய பிறகே பணம் வரும். அதுவரை தயாரிப்பாளர் அதைக் காட்டிக் கடன் வாங்குவார்; வட்டி படத்தின் தலையில் விழும். சேமிப்போ, கடன் தர ஆளோ இல்லாத புதிய குடியேறி ஒருவருக்கு இம்முறை எளிதானதல்ல.

முதலீடே இல்லாதவர்கள் வேறு வழியைப் பயன்படுத்தியதும் உண்டு. ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தனர். அவர்களைத் திரட்ட ஏற்கனவே கூட்டுறவுச் சங்கம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கேரளத்தில் ஜான் ஆபிரகாமுக்கு அந்த வசதியும் இல்லை. 1984இல் உருவான ஒடேசா குழுவினர் ஊர் ஊராகச் சென்று, சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு மக்களிடம் பணம் திரட்டினர். தமிழில் லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) பொதுமக்களின் நன்கொடையால் உருவானது.

இம்முறையில் வட்டி இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை. ஆனால் இயக்குநரின் காலம் வசூலிலேயே கரைகிறது. ஒடேசாவின் 'அம்ம அறியான்' 1986இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஜான் ஆபிரகாம் காலமானார். மக்கள் பணத்தில் அவர் எடுத்து முடித்தது அந்த ஒரு படம்தான்.