மொராக்கோவில் இரவுக்கு எங்கே நிறுத்துவது?

மோட்டார்ஹோமில் மொராக்கோவைச் சுற்றும்போது, இரவு தங்க ஆளரவமற்ற இடமாகப் பார்த்து ஒதுங்காதீர்கள். வண்டிமேல் கண் வைக்க ஒருவர் இருக்கும் இடமே அங்கே நல்ல இடம்.

காலையில் கிளம்பும் முன்பே இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்ஃபோர்நைட் செயலியில் நிறைய கிடைக்கும். ஆனால் அங்கே தங்கியவர்கள் கடைசியாக எழுதிய தேதியைப் பாருங்கள். அகாதிருக்கு வடக்கே தகாசூத் கடற்கரையில் ஒரு காலத்தில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பிறகு அதிகாரிகள் அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். பழைய குறிப்பை நம்பிப் போனால் இருட்டில் அலைய நேரும். விளக்கில்லாத கழுதை வண்டிகள் வரும் சாலைகளில் அது ஆபத்து. மாலை நான்கு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ரிஃப் மலையில் கஞ்சா விளையும் கேத்தாமா பக்கம் தங்காமல் ஷெஃப்ஷாவென் போய்விடலாம். ஊருக்கு மேலே குன்றின்மீது முகாம் இருக்கிறது.

நகரங்களில் வாகன நிறுத்துமிடத்துக் காவலாளியைத் தேடுங்கள். பலர் பளிச்சென்ற மேலங்கி அணிந்திருப்பார்கள். முதலில் "ஸலாம் அலைக்கும்" சொல்லி நலம் விசாரித்துவிட்டு, இரவு முழுக்க நிற்கலாமா, எவ்வளவு என்று கேளுங்கள். தொகையை அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். பெரும்பாலும் சில பத்து திர்ஹாம்களில் முடியும். அதற்காக அவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார். அந்தத் தொகையையும் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊருக்கு வெளியே நிலத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். வறண்டு சமதளமாகக் கிடக்கும் ஆற்றுப் படுகை வண்டிக்கு வசதியாகத் தெரியும். வேண்டவே வேண்டாம். தலைக்கு மேலே வானம் தெளிந்திருக்க, எங்கோ அட்லஸ் மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவரும். 1995 ஆகஸ்டில் ஊரிகா பள்ளத்தாக்கில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தோத்ரா, தாதெஸ் மலையிடுக்குகளிலும் நீர்மட்டத்துக்கு மேலே, விடுதி முற்றங்களில் நிறுத்துங்கள். மெர்சூகாவில் மணற்குன்றுகளின் அடிவாரத்திலேயே விடுதிக்காரர்கள் இடம் தருவார்கள். இரவுச் சாப்பாட்டை அவர்களிடமே சொல்லிவிடுவது முறை.

சில நாளுக்கு ஒருமுறை கட்டண முகாமுக்குப் போயே ஆக வேண்டும். தண்ணீர் நிரப்பவும் கழிவறைத் தொட்டியைக் காலி செய்யவும் அதுதான் இடம். கழிவை வெளியில் எங்கும் கொட்டாதீர்கள். வண்டிகளை ஊர்க்காரர்கள் வெறுக்க அந்த ஒன்றே போதும். முகாமில் பதிவுப் படிவம் தருவார்கள், பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள்.

இரவில் ஜான்தார்ம்கள் எனப்படும் ஊர்ப்புறக் காவலர்கள் கதவைத் தட்டி நகரச் சொன்னால் வாதாட வேண்டாம். உங்கள் பாதுகாப்புக்காக என்பார்கள், பல நேரம் அது உண்மையும்கூட. பக்கத்தில் எங்கே நிற்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். குறித்துவைத்த இரண்டாவது இடத்தைக் காட்டினால், அங்கே போகலாமா என்பதையும் சொல்லிவிடுவார்கள்.