ஒரு ‘பரவாயில்ல’ எத்தனை மார்க், தெரியுமா?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். “எப்படி இருக்கு அத்தை?” “பரவாயில்லப்பா.” “ராத்திரி தூங்கினீங்களா?” “எங்க தூங்குறது? புரண்டாலே சுருக்குன்னு இழுக்குது.” “சாப்பிட்டீங்களா?” “ரெண்டு வாய் கஞ்சி. அதுக்கே குமட்டுது.” பாருங்கள், ஒரு பரவாயில்லைக்குள் மூன்று துன்பம்!

இதை வெளியே கொண்டுவரவே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, தெரியுமா? ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி எப்படித் தேறுகிறார் என்று கேட்பது, பெயர் கியூஓஆர்-15. ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர் பால் மைல்ஸ் குழு 2013-ல் வெளியிட்டது. 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 10 மார்க், மொத்தம் 150. மூச்சு சிரமமில்லாமல் வருகிறதா, சாப்பாடு ருசித்ததா, வீட்டாரோடு பேச முடிந்ததா என்று கடந்த 24 மணி நேரத்தைக் கேட்கும். மூன்று நிமிஷம்கூட ஆகாது! அதில் 6 மார்க் ஏறினாலே நோயாளிக்குத் தெரிகிற முன்னேற்றம் என்கிறது 2021-ல் வந்த கணக்கு.

இன்னும் கேளுங்கள். கடைசி ஐந்து கேள்விகளில் மார்க் தலைகீழ்! வலியே இல்லை என்றால் பூஜ்யம் அல்ல, 10. இதைத் தமிழாக்கும்போது ஒரு சொல் தடுமாறினால் நோயாளியின் கணக்கே கவிழ்ந்துவிடும்.

அதனால்தான் துருக்கி மொழிக்குக் கொண்டுபோனவர்களும் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர்களும் மொழிபெயர்த்ததோடு நிற்கவில்லை, நோயாளிகளிடமே சோதித்தார்கள். வழக்கமான முறை இது: மூலத்தைப் பார்க்காத ஒருவர் மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிடுவார்கள். நோயாளிகளிடம் கேட்டு, அவர்களில் சிலரிடம் சற்று நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்கு 1951-ல் லீ க்ரான்பாக் தந்த ‘ஆல்ஃபா’ கணக்கு. பொதுவாக 0.7 தாண்ட வேண்டும்.

துருக்கி மொழி தமிழுக்கு எவ்வளவு நெருக்கம், தெரியுமா? அங்கும் வினை கடைசியில்தான், விகுதிமேல் விகுதி. நமக்கு நீ, நீங்கள். அவர்களுக்கு ‘சென்’, ‘சிஸ்’. ஆங்கிலத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. கேள்வித்தாளில் வரும் ஆங்கில ‘பர்சனல் டாய்லெட்’ கழிப்பறை மட்டுமல்ல. முகம் கழுவி, தலைவாரி, உடுத்திக்கொள்வதும் சேர்ந்தது. சொல்லுக்குச் சொல் போட்டால் கேள்வியே மாறிவிடும்!

பெருமையான செய்தி ஒன்று. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உருவாக்கியபோது உலகெங்கும் 15 மையங்களில் ஒரே சமயத்தில் வேலை நடந்தது. அதில் ஒன்று நம் மதராஸ்! தமிழ் அங்கே மொழிபெயர்ப்பாகப் பின்னால் வரவில்லை, தொடக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நம் புதுச்சேரிக்கோ தமிழ் மட்டும் போதாது. மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு. ஒரு யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே மூன்று சோதனை!

கியூஓஆர்-15-ல் எனக்கு உறுத்துவது ஒரே ஒரு கேள்வி: வழக்கமான வீட்டு வேலைக்குத் திரும்ப முடிகிறதா? மூன்றாம் நாள் அத்தை அடுப்படியில் நின்றார். ஒரு கை வயிற்றில், ஒரு கை கரண்டியில். கேட்டிருந்தால் 10 என்றுதான் சொல்லியிருப்பார். சமைக்க வீட்டில் வேறு ஆளில்லை.