டென்மார்க்: புதுப்பிக்கும் செலவே வாடகையை உயர்த்தும் வழி

வாடகைக்கு விடவென பழைய வீட்டைப் புதுப்பிப்பவர் செலவைக் குறைக்கவே முயல்வார். டென்மார்க்கில் கணக்கு வேறு. அங்கு பெரும்பாலான நகராட்சிகளில் பழைய அடுக்குமாடி வீடுகளின் வாடகைக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் சதுர மீட்டருக்குச் சட்டம் குறிப்பிடும் தொகைக்கும் அதிகமாகச் செலவிட்டு வீட்டை மேம்படுத்தினால், அடுத்த வாடகைதாரரிடம் கூடுதல் வாடகை கோரலாம். வெறும் பழுதுபார்ப்பு இதில் சேராது. எனவே ஒப்பந்தக்காரரின் ரசீதில் மேம்பாட்டு வேலை தனியே பிரித்துக் காட்டப்படுவது முக்கியம்.

கோப்பன்ஹேகனில் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் நிறுவனம் கட்டடங்களை வாங்கிக் குவித்ததை அடுத்து எதிர்ப்பு எழுந்தது. 2020 ஜூலையில் சட்டம் திருத்தப்பட்டது. புதிய உரிமையாளர் இந்தச் சலுகைக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எரிசக்திச் சிக்கனத்தைக் கணிசமாக உயர்த்துவோருக்கு விலக்கு உண்டு. அந்த ஜூலையில் கைமாறிய கட்டடங்களுக்குக் காத்திருப்புக் காலம் 2025இல் முடிந்துவிட்டது.