கப்பலில் வரும் டிராவல் ஏஜெண்டுகள்

கப்பலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள, சலுகைக் கட்டணத்தில் டிராவல் ஏஜெண்டுகளும் வருவதுண்டு. அப்போது அவர்களும் விருந்தாளிகளே. சாப்பாட்டு மேஜையில் ஒருவர் என்னிடம், "எவ்வளவு கட்டினீங்க? என்கிட்ட வந்திருந்தா குறைச்சிருப்பேனே!" என்றார். மீதி நாளெல்லாம் அந்த நினைப்பே மனசை அரித்தது. அடுத்தவர் வாடிக்கையாளரிடம் கார்டு நீட்டுவது தொழில் தர்மமா, சொல்லுங்கள்!

குழுவை அழைத்து வருபவருக்கோ பொறுப்பு அதிகம். 2012-ல் இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். எனவே, கப்பல் கிளம்பும்போது நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு அவர்தான் முதல் ஆளாக நிற்கணும்.

கப்பலிலேயே அடுத்த பயணத்துக்குப் பதிவு செய்கிறீர்களா? உங்கள் ஏஜெண்டின் பெயரைச் சொல்லுங்கள். பல கம்பெனிகளில் கமிஷன் அவருக்கே போகும்; ஏதாவது சிக்கல் என்றால் ஊரில் நமக்கும் கேட்க ஒரு ஆள் இருக்குமே!