மலை ஜில்லாவில் இயற்கை இடரை மதிப்பிடுதல்

மலையொன்றின் சரிவில் பிளவு கண்டிருக்கின்றது எனக் கொள்வோம். அதன் அடியில் ஊர் இல்லையேல், மலை சரிந்தாலும் எவருக்கும் கேடில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருப்பின் நிலைமை முற்றிலும் வேறு. மலையின் பிளவையும் பள்ளியின் நிலையையும் தமிழில் ‘அபாயம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்து விடுகிறோம். மொழிபெயர்ப்போருக்கு இது ஓயாத தொல்லை. நிகழக்கூடிய இயற்கைச் சீற்றம் ஒன்று. அதன் வழியில் அகப்படும் உயிர்களும் உடைமைகளும், அவற்றின் தாங்கும் திறனும் மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து எடை போடுவதே இடர் மதிப்பீடாகும்.

இப்பணிக்கு உத்தரகாண்ட மாநிலத்துச் சமோலி ஜில்லா சிறந்ததோர் உதாரணம். 1893 செப்டம்பரில் அங்குள்ள கோனா கிராமத்தருகே மலைப்பகுதி ஒன்று பெயர்ந்து விழுந்து, பிரஹி கங்கை என்னும் சிற்றாற்றை மறித்தது. ஏறத்தாழ 900 அடி உயரமுள்ள இயற்கை அணை எழுந்தது. அதன் பின்னே ஏரி பெருகிற்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹாலந்து அதனை நேரில் ஆராய்ந்தார். ஏரி 1894 ஆகஸ்டு நடுவில் நிரம்பி வழியும் என இஞ்ஜினீயர்கள் கணித்தனர்.

அவர்கள் கணக்கோடு நில்லாமையே இங்குக் கவனிக்கத்தக்கது. ஏரிக்கரையிலிருந்து ஹரித்துவாரம் வரை தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. வெள்ளம் ஏறக்கூடிய உயரத்தைக் காட்டும் தூண்கள் பள்ளத்தாக்கெங்கும் நாட்டப்பட்டன. தொங்கு பாலங்கள் முன்கூட்டியே கழற்றப்பட்டன. ஆகஸ்டு 25 அன்று நீர் வழியத் தொடங்கிற்று. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அணையின் மேற்பகுதி உடைந்தது. விடிவதற்குள் ஏரியின் மட்டம் 390 அடி தாழ்ந்தது. கார்வாலின் பழைய நகரான ஸ்ரீநகர் (காச்மீரத்து ஸ்ரீநகர் அன்று) அழிந்தொழிந்தது. ஆயினும் மாண்டோர் ஐவரே. பத்திரமான இடத்துக்கு அனுப்பப்பட்டும் அணையின் அடிக்கே திரும்பி வந்துவிட்ட பக்கிரி ஒருவரும் அவர் குடும்பத்தினருமே அவ்வைவர்.

கதை அத்துடன் முடியவில்லை. எஞ்சிய ஏரி எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அமைதியாக இருந்தது. அதற்குள் ஆற்றோரங்களில் சாலைகளும் கடைகளும் வந்துவிட்டன. 1970 ஜூலை 20 அன்று பெய்த பெருமழையில் ஏரி இருந்த இடம் தெரியாமற் போயிற்று. பேலாகூச்சி என்னும் சிற்றூரை வெள்ளம் அடித்துச் சென்றது. வண்டல் ஹரித்துவாரம் வரை சென்று மேல்கங்கைக் கால்வாயை அடைத்தது. சீற்றம் 1894ஐவிடப் பெரிதன்று. வழியில் நின்றவையே பெருகியிருந்தன. ஒருமுறை செய்த மதிப்பீட்டை அப்படியே கட்டி வைத்தலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இதே ஜில்லாவில் 1999 மார்ச் 29 அன்று பூகம்பம் நேர்ந்து ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 7 அன்றோ மழையே இல்லை. ரோந்தி சிகரத்தின் சரிவிலிருந்து சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து, ரிஷிகங்கை, தௌலிகங்கை ஆறுகளின் வழியே சேற்று வெள்ளமாகப் பாய்ந்தன. மாண்டோரும் காணாமற்போனோரும் இருநூறுக்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் அங்குள்ள நீர்மின் திட்டங்களில் உழைத்தோர். வெள்ளம் மழைக்காலத்தில்தான் வரும் என்று எழுதி வைத்த படிவம் எதுவும் அன்று பயன்பட்டிராது.

ஆகவே, மலைக்கிராமத்தில் கணக்கெடுக்கும் ஊழியர் மழையளவோடு நிறுத்தலாகாது. ஆற்றங்கரை மேட்டில் ஆள் உயரப் பாறைகள் கிடப்பின், அவற்றை உருட்டி வந்த வெள்ளம் எதுவென முதியோரை வினவுக. சாய்ந்து நிற்கும் மரங்கள், சுவர்களில் புதிதாகத் தோன்றும் வெடிப்புகள், திடீரெனக் கலங்கும் ஊற்றுகள் ஆகியவற்றைத் தேதியுடன் குறித்துக்கொள்க. பள்ளியில் இரவிலும் விடுமுறையிலும் யார் தங்குகிறார் என்பதையும் கேட்டறிக. இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர். பழைய வெள்ளக் குறிகளை மாணவரைக் கொண்டு ஊர்ப்படத்தில் வரையச் செய்வது ஆசிரியருக்கு எளிது. ஓடிக்கொண்டிருந்த ஆறு காரணமின்றி வற்றினால், மேலே எங்கோ சரிவு அதனை மறித்துள்ளது என்றே கொண்டு, கரையோரத்தாரை முதலில் உயரமான இடத்துக்கு அனுப்புக. காரணத்தைப் பின்னர் விசாரிக்கலாம்.