காதில் கட்டுடன் தன்னுருவ ஓவியம்

காதில் கட்டுடன் தன்னுருவ ஓவியம் என்பது நெதர்லாந்து ஓவியர் வின்சென்ட் வான் கோ (1853–1890), 1889 சனவரியில் பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். ஏறத்தாழ 60 செ.மீ. உயரமும் 50 செ.மீ. அகலமும் கொண்ட இது, இலண்டனில் உள்ள கோர்ட்டோல்ட் காட்சியகத்தில் உள்ளது.

பின்னணி

1888 அக்டோபரில் பிரெஞ்சு ஓவியர் போல் கோகன், ஆர்லில் வான் கோ வாடகைக்கு எடுத்திருந்த "மஞ்சள் வீட்டில்" வந்து தங்கினார். இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் முற்றின. டிசம்பர் 23 அன்று இரவு வான் கோ சவரக்கத்தியால் தனது இடது காதை அறுத்துக்கொண்டார். மறுநாள் காலை காவலர்கள் அவரை மருத்துவமனையில் சேர்த்தனர். கோகன் பாரிசுக்குத் திரும்பினார். 1889 சனவரி 7 அன்று வீடு திரும்பிய வான் கோ, அம்மாதத்திலேயே இவ்வோவியத்தை வரைந்தார்.

ஓவியத்தின் அமைப்பு

ஓவியர் பச்சை நிற மேலங்கியும் மென்மயிர்த் தொப்பியும் அணிந்துள்ளார். கன்னத்தையும் காதையும் வெள்ளைக் கட்டு மறைத்துள்ளது. பின்புறத்தில் ஒருபக்கம் ஓவியத் தாங்கியும், மறுபக்கம் சுவரில் யப்பானிய அச்சோவியம் ஒன்றும் காணப்படுகின்றன. யப்பானிய அச்சோவியங்களை வான் கோ விரும்பிச் சேகரித்தார். அவற்றின் தாக்கம் அவரது படைப்புகளில் வெளிப்படையாகத் தெரியும்.

கண்ணாடியும் காதும்

வான் கோ காயப்படுத்திக்கொண்டது இடது காதையே எனினும், ஓவியத்தில் கட்டு வலது காதில் உள்ளது. கண்ணாடியில் தெரிந்த உருவத்தைப் பார்த்து அப்படியே வரைந்ததால் இடம் வலமாக மாறிற்று. மாதிரிகளை அமர்த்தப் பணம் இல்லாத வான் கோ இம்முறையில் ஏறத்தாழ 35 தன்னுருவ ஓவியங்களை வரைந்துள்ளார்.

அறுபட்டது காதின் கீழ்நுனி மட்டுமா, முழுக்காதுமா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. கட்டு காயத்தை மறைத்திருப்பதால் ஓவியம் இதற்கு விடை தருவதில்லை. சிகிச்சை அளித்த மருத்துவர் பெலிக்சு ரே 1930 இல் வரைந்து கொடுத்த விளக்கப்படம் 2016 இல் வெளியிடப்பட்டது. ஏறக்குறைய முழுக்காதும் அறுபட்டதை அது காட்டுகிறது.

முக்கியத்துவம்

இவ்வோவியம் பெரும்பாலும் மனநோயின் அடையாளமாகவே பேசப்படுகிறது. ஆயினும் இதில் வெறியோ அழுகையோ இல்லை. பார்வை அமைதியாகவும் தூரிகைத் தீற்றல்கள் ஒழுங்காகவும் உள்ளன. பின்னால் நிற்கும் ஓவியத் தாங்கி, அவர் தொழிலைக் கைவிடவில்லை என்பதை உணர்த்துகிறது. அவரது வாழ்க்கைச் செலவை ஏற்றிருந்தவர் தம்பி தியோ. எனவே, தன்னால் மீண்டும் வேலை செய்ய முடியும் என்று காட்டுவது வான் கோவுக்கு இன்றியமையாததாக இருந்தது.

இதே காலத்தில், கட்டுடனும் வாயில் புகைக்குழாயுடனும் மற்றொரு தன்னுருவ ஓவியத்தையும் அவர் வரைந்தார். 1889 மே மாதத்தில் சென்-ரெமி மனநலக் காப்பகத்தில் தாமாகவே சேர்ந்த வான் கோ, அங்கும் தொடர்ந்து வரைந்தார். கோர்ட்டோல்ட் காட்சியகத்தில் உள்ள ஓவியத்தை 1920களில் ஆங்கிலேயத் தொழிலதிபர் சாமுவேல் கோர்ட்டோல்ட் வாங்கினார்.